கேமரா முறைத்தால் விபத்து குறையுமா?

வேகமாகப் போகும் வண்டியைப் படம் பிடிக்கும் கேமராவை உருவாக்கியவர் யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். போலீஸ் அதிகாரியா? இல்லை. டிராபிக் இன்ஜினீயரா? அதுவும் இல்லை. அவர் ஒரு கார் பந்தய வீரர்!

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த அவரது பெயர் மாரிஸ் கேட்சோனிடஸ். 1953ஆம் ஆண்டு புகழ்பெற்ற மான்டி கார்லோ கார் பந்தயத்தில் முதல் பரிசு வென்றவர். வளைவுகளில் தன் கார் என்ன வேகத்தில் திரும்புகிறது என்று துல்லியமாக அளக்க ஒரு கருவி செய்தார். எதற்குத் தெரியுமா? இன்னும் வேகமாக ஓட்டுவதற்கு! 1958இல் அதைத் தயாரிக்க ஒரு கம்பெனியும் தொடங்கினார். வேகத்தைக் கூட்டப் பிறந்த கருவி, கடைசியில் வேகத்தைக் குறைக்கும் வேலைக்குப் போய்விட்டது. பிரிட்டனில் இந்தக் கேமராவை இன்றும் அவர் பெயரைச் சுருக்கி 'கேட்ஸோ' என்றே அழைக்கிறார்கள்.

அங்கே முதல் கேட்ஸோ 1992இல் லண்டனின் ட்விக்கன்ஹாம் பாலத்தில் பொருத்தப்பட்டது. பிறகு நாடு முழுவதும் பரவியது. கூடவே ஒரு சண்டையும் பரவியது. "இது உயிரைக் காக்கும் பெட்டி" என்றது ஒரு கட்சி. "இல்லை, அபராதம் வசூலிக்கும் உண்டியல்" என்றது இன்னொரு கட்சி. யார் சொல்வது சரி? வாருங்கள், நாமே துப்பறிவோம்.

எப்படிப் பிடிக்கிறது?

கேட்ஸோவுக்குள் ஒரு ரேடார் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அலைகளை ரோட்டின் மீது வீசும். ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலை சற்று மாறி வரும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து வண்டியின் வேகத்தைக் கணக்கிடும். வேகம் எல்லை மீறினால், 'பளிச்' 'பளிச்' என்று அரை வினாடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கும்.

ஏன் இரண்டு? அந்த இடத்தில் ரோட்டின் மீது வரிசையாக வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே கார் எத்தனை கோடுகளைத் தாண்டியது என்று எண்ணினால், ரேடார் சொன்ன வேகம் சரிதானா என்று சோதித்துவிடலாம். கணக்குப் பரீட்சையில் விடையைச் சரிபார்ப்பீர்களே, அதே போலத்தான்!

கொஞ்சம் வேகம் கூடினால் என்ன?

பெரியவர்கள் சிலர், "10, 15 கிலோமீட்டர் கூடப் போனால் என்ன குடி முழுகிவிடும்?" என்பார்கள். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்தில் உள்ள கணக்கைப் பாருங்கள்.

ஒரு கார் மணிக்கு சுமார் 48 கி.மீ. வேகத்தில் வருகிறது. டிரைவர் ஆபத்தைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, கார் முழுதாக நிற்க 23 மீட்டர் தேவை. அதே கார் 64 கி.மீ. வேகத்தில் வந்தால் 36 மீட்டர் தேவை. இதில் முதல் 12 மீட்டர், டிரைவரின் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே ஓடிவிடும்.

இப்போது 25 மீட்டர் தூரத்தில் ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வருகிறான். 48இல் வந்த கார் அவனுக்கு 2 மீட்டர் முன்னால் நின்றுவிடும். டிரைவர் திட்டுவார், அவ்வளவுதான். 64இல் வந்த கார்? அவனை எட்டும்போதும் அது 40 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கூடுதலாக இருந்தது வெறும் 16 கி.மீ. வேகம். வித்தியாசம் ஓர் உயிர்.

ஆக, வேகம் குறைந்தால் உயிர் பிழைக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். நம் கேள்வி வேறு. கேமரா வைத்தால் வேகமும் விபத்தும் உண்மையிலேயே குறைகின்றனவா?

42 சதவீதம்! கை தட்டலாமா?

பிரிட்டனில் நான்கு ஆண்டுக் கணக்கை அலசி 2005இல் ஓர் அறிக்கை வந்தது. கேமரா வைத்த இடங்களில், விபத்தில் இறந்தவர்களும் பலத்த காயம் அடைந்தவர்களும் 42 சதவீதம் குறைந்திருந்தார்கள். "பார்த்தீர்களா!" என்று கேமராவின் கட்சி கை தட்டியது.

கொஞ்சம் பொறுங்கள். துப்பறிபவர் உடனே கை தட்டக் கூடாது. "கேமராக்களை எந்த இடத்தில் வைத்தார்கள்?" என்று கேட்க வேண்டும். அந்த நாட்களில் அங்கே ஒரு விதி இருந்தது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில், கடந்த 3 ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்படுத்திய விபத்துகள் 4ஆவது நடந்திருந்தால்தான் அங்கே நிரந்தரக் கேமரா. மோசமான இடமாகப் பார்த்து வைப்பது நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிக்க ஒரு விளையாட்டு ஆடுவோம்.

செய்து பாருங்கள்: பொட்டு விளையாட்டு

தேவையானவை: ஒரு நோட்டு, இரண்டு லூடோ பகடைகள், ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு.

1. நோட்டில் 30 தெருக்களின் பெயர்களை எழுதுங்கள். உங்கள் ஊர்த் தெருக்களாகவே இருக்கட்டும்.

2. ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பகடைகளையும் சேர்த்து உருட்டுங்கள். கூட்டிவரும் எண்தான் அந்தத் தெருவில் இந்த ஆண்டு நடந்த விபத்துகள்.

3. 10 அல்லது அதற்கு மேல் வந்த தெருக்கள் ஆபத்தான தெருக்கள். அநேகமாக ஐந்தாறு கிடைக்கும். அவற்றின் பக்கத்தில் ஒரு பொட்டு ஒட்டுங்கள். பொட்டுதான் கேமரா!

4. அடுத்த ஆண்டு பிறக்கிறது. பொட்டு வைத்த தெருக்களுக்கு மட்டும் மறுபடியும் உருட்டுங்கள்.

என்ன ஆயிற்று? பெரும்பாலான தெருக்களில் எண் சட்டென்று இறங்கியிருக்கும். 11 இருந்த இடத்தில் 6, 10 இருந்த இடத்தில் 8. உங்கள் பொட்டு விபத்தைக் குறைத்துவிட்டதா? நிச்சயமாக இல்லை. முதல் முறை அந்தத் தெருக்களுக்குப் பகடை உச்சத்தில் விழுந்தது. அடுத்த முறை வழக்கமான எண்ணுக்குத் திரும்பிவிட்டது. அவ்வளவுதான்!

நிஜ ரோட்டிலும் இப்படி நடக்கும். ஓர் இடத்தில் கெட்ட நேரத்தால் சில விபத்துகள் அடுத்தடுத்து நடந்துவிடும். உடனே கேமரா வைப்பார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை தானாகவே இறங்கும். பாராட்டு முழுவதும் கேமராவுக்குப் போகும். 2005இல் வந்த அந்த 42 சதவீதத்திலும் ஒரு பகுதி இப்படி வந்ததுதான்.

நியாயமான போட்டி

அப்படியென்றால் கேமரா வீணா? அவசரப்படாதீர்கள். விளையாட்டை இன்னொரு முறை ஆடுங்கள். இந்த முறை 10க்கு மேல் வந்த தெருக்களில் பாதிக்கு மட்டும் பொட்டு ஒட்டுங்கள். மீதிப் பாதியைச் சும்மா விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் உருட்டுங்கள். இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்கும். ஒருவேளை பொட்டுக்கு நிஜமாகவே சக்தி இருந்தால், பொட்டு வைத்த பாதி கூடுதலாக இறங்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் பொட்டின் வேலை!

நல்ல ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதைத்தான். கேமரா உள்ள ரோட்டை, அதே போன்ற கேமரா இல்லாத ரோட்டோடு ஒப்பிடுகிறார்கள். ஓராண்டுக் கணக்கை நம்பாமல் பல ஆண்டுக் கணக்கைப் பார்க்கிறார்கள்.

2010இல் காக்ரேன் என்ற அமைப்பு, பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைத் திரட்டி அலசியது. விபத்துகளை எண்ணிப் பார்த்த எல்லா ஆய்வுகளிலுமே, கேமராவுக்கு அருகில் விபத்துகள் குறைந்திருந்தன. குறைவு 8 முதல் 49 சதவீதம் வரை இருந்தது. "சில ஆய்வுகளை இன்னும் கவனமாகச் செய்திருக்கலாம்" என்றும் அந்த அமைப்பு ஒளிக்காமல் சொன்னது. 2017இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர் ஒருவர், பிரிட்டனின் சுமார் 2,500 கேமராக்களை ஆராய்ந்தார். கேமராவிலிருந்து 500 மீட்டருக்குள் விபத்துகள் 17 முதல் 39 சதவீதம் வரை குறைந்ததாகக் கண்டார்.

ஆக, தந்திரத்தைக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. கேமரா உயிரைக் காக்கிறது!

கங்காரு டிரைவர்கள்

அதே 2017 ஆய்வு இன்னொன்றையும் கண்டது. கேமராவை விட்டு 1.5 கி.மீ. தள்ளிப் போனால் பலன் மறைந்துவிடுகிறது. காரணம், சில டிரைவர்கள் கேமராவைக் கண்டதும் பிரேக் போடுவார்கள். தாண்டியதும் மறுபடி பறப்பார்கள். கங்காரு தாவுவது போல!

இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கேமராவுக்குப் பதில் ரோட்டின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. இரண்டும் வண்டியின் நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். நடுவில் 10 கி.மீ. தூரம், வேக எல்லை 60 என்றால், கடக்கக் குறைந்தது 10 நிமிடம் ஆக வேண்டும். 8 நிமிடத்தில் வந்தால்? சராசரி வேகம் 75 கி.மீ. கையும் களவுமாக மாட்டினார்! இங்கே தாவிக் குதித்துப் பயனில்லை. ஸ்காட்லாந்தின் ஏ9 நெடுஞ்சாலையில் 2014 அக்டோபர் முதல் இந்த முறை இருக்கிறது.

துப்பறிபவரின் கேள்வி

சரி, தீர்ப்பு என்ன? கேமரா உதவுகிறது. ஆனால் சிலர் சொல்லும் அளவுக்கு அல்ல. தான் நிற்கும் இடத்தில் உதவுகிறது, எல்லா இடத்திலும் அல்ல. கேமரா இல்லாத ரோட்டில் அந்தப் பந்து துரத்தும் பையனைக் காப்பாற்ற வேண்டியது டிரைவரின் கால்தான்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். "இந்த டானிக் குடித்த பிறகு காய்ச்சல் போயிற்று", "இந்தப் பேனா வாங்கிய பிறகு மார்க் கூடியது" என்று யாராவது சொன்னால், நம் பொட்டு விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "அதற்குப் பிறகு நடந்ததா, அதனால் நடந்ததா?" என்று கேளுங்கள். டானிக் குடிக்காதவர்களுக்கும் காய்ச்சல் போனதா என்று விசாரியுங்கள். அதுதான் துப்பறிபவருக்கு அழகு!