ஸ்லிப்பர் ஆர்கிட்: சாகுபுரம் பக்கம் வளர்க்கலாமா?

"செல்போனில் ஒரு குட்டிச் செடி விற்கிறாங்க சார், செருப்பு மாதிரி பூ பூக்குது. நம்ம ஊரில் வருமா?" சாகுபுரம், ஆத்தூர், ஆறுமுகநேரி பக்கத்து விவசாயிகள் இப்படிக் கேட்கிறார்கள். வரும். ஆனால் பணம் கட்டும் முன் அந்தச் செடி எங்கிருந்து வந்தது, உங்கள் வீட்டில் அதற்கு ஊற்ற என்ன தண்ணீர் இருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

ஸ்லிப்பர் ஆர்கிட்டின் தாவரப் பெயர் பாஃபியோபெடிலம். பூவின் ஓர் இதழ் பை போல மடிந்து, செருப்பின் முன்பகுதி மாதிரித் தெரியும். அதற்குள் விழும் பூச்சி பின்பக்கத்து இடுக்கு வழியாகத்தான் வெளியேற முடியும். அப்போது மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். டென்ட்ரோபியத்தில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தடித்த தண்டு இருக்கும். இதற்கு அது கிடையாது. அதனால் நீண்ட நாள் காயவும் விடக்கூடாது, தேங்கவும் விடக்கூடாது.

இந்த இனத்தில் ஒன்று நமக்கு உறவு. உங்கள் வாழைக்குப் பாயும் தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிறது. அந்த அகத்தியமலைப் பகுதியில்தான் பாஃபியோபெடிலம் ட்ரூரி இருக்கிறது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஸ்லிப்பர் ஆர்கிட் அதுதான். மஞ்சள் பூ, நடுவில் கரும்பழுப்புக் கோடு. 1865-ல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தார். பிறகு சேகரிப்பவர்கள் கூடை கூடையாகப் பெயர்த்தார்கள், காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. அழிந்தே போனது என்று நினைத்திருந்த செடி 1972-ல் மறுபடி கண்ணில் பட்டது. இன்றும் அது அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது.

எனவே "மலையிலிருந்து எடுத்தது, ஒரிஜினல்" என்று யாராவது விற்றால் தொடவே வேண்டாம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஸ்லிப்பர் ஆர்கிட் இனம் குறிப்பிட்ட தாவரங்கள் பட்டியலில் உள்ளது. காட்டிலிருந்து பறிப்பது, பெயர்ப்பது, வைத்திருப்பது குற்றம். வளர்த்து விற்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் உரிமம் வேண்டும். பன்னாட்டு வணிகத்திலும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டுச் செடியை அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் தபாலில் வரவழைக்க முடியாது. வன அலுவலகத்தில் எழுத்தில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள். விற்பவர் உரிமம் பெற்றவரா, செடி ஆய்வகப் பாட்டிலில் விதையிலிருந்து வளர்ந்ததா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ட்ரூரி உயர்ந்த மலையின் குளிரில் வாழ்வது. கடற்கரை வெக்கையில் சிரமப்படும், நாமும் அதைத் தேடிப் போக வேண்டாம். நம் கரைக்கு ஏற்றது நிவியம். தெற்குத் தாய்லாந்து, மலேசியாவின் லங்காவி தீவுகளில் கடலோரச் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வளரும் குட்டிச் செடி. வெள்ளைப் பூவில் பொடிப் புள்ளிகள் இருக்கும். கான்கலர், காடெஃப்ராயே இரண்டும் இதன் பங்காளிகள். வெப்பம் தாங்குவதில் மாடியே வகைக் கலப்பினங்களும் நல்லவை, ஆனால் சற்றுப் பெரியவை.

வளர்ப்பில் எல்லாமே தண்ணீரில்தான் இருக்கிறது. சாகுபுரத்தைச் சுற்றி உப்பளம். கிணறும் போரும் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாழை தாங்கும் உப்பை இந்த வேர் தாங்காது. முதலில் இலை நுனி கருகும், பிறகு வேர் அழுகும். டி.டி.எஸ். 200-க்குள் இருக்கும் தண்ணீர் வேண்டும். அதற்கு மழைநீர்தான் வழி. 20 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 2000 லிட்டர் விழுகிறது. 50 தொட்டிகளுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 1200 லிட்டர்தான் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் 2000 லிட்டர் தொட்டியை நிரப்பி, வெளிச்சம் புகாமல் மூடி வைத்தால் அடுத்த மழை வரை ஓடும்.

தொட்டியில் மண் போடாதீர்கள். கரித்துண்டு, உடைத்த ஓடு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு போதும். மட்டையில் உப்பு இருக்கும். நான் முதலில் வளர்த்த ஐந்து செடிகளில் மூன்றை ஊறவைக்காத மட்டையைப் போட்டே கொன்றேன். ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். நிவியம் வகைக்குச் சுண்ணாம்பு பிடிக்கும் என்பதால் ஒரு பிடி சிப்பி ஓட்டையும் நொறுக்கிச் சேர்க்கலாம். அது நம் கரையில் காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே கிடந்து உப்பு கழுவப்பட்டதாக இருக்கட்டும்.

நிழலைப் பற்றி ஆத்தூர் கொடிக்கால்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெற்றிலைக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் நிழல், 75 சதவீத வலை. காற்று ஓட வேண்டும், உப்புக் காற்று நேராக அடிக்கக் கூடாது. கோடையில் பந்தலுக்குள் 35 டிகிரியைத் தாண்டாதபடி தரை மணலை நனைத்து வையுங்கள். காலையில் மட்டும் ஊற்றுங்கள். இலை நடுவே தண்ணீர் தங்கினால் குருத்து அழுகும். 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், 15 நாளுக்கு ஒருமுறை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

கலப்பினம் செய்வதில் கைவேலை எளிது, காத்திருப்பதுதான் கடினம். தாய்ப் பூ விரிந்து ஒரு வாரம் ஆனதும் அதன் பையைக் கிள்ளி எடுத்தால் சூல்முடி தெரியும். தந்தைப் பூவின் நடுத்தண்டில் இரு பக்கமும் பசை போன்ற மகரந்தம் இருக்கும். பல்குத்தும் குச்சியில் அதைத் தொட்டு, சூல்முடியில் தடவுங்கள். தாய் பெயர், தந்தை பெயர், தேதி எழுதிய அட்டையைக் கட்டுங்கள். நிவியமும் அதன் பங்காளிகளும் ஒரே குரோமோசோம் எண்ணிக்கை (26) உள்ளவை என்பதால் தங்களுக்குள் எளிதில் சேரும். தூரத்து வகையோடு சேர்த்தால் விதை குறைவு, சிலசமயம் பிறக்கும் செடி மலடாகவும் இருக்கும்.

காய் முற்றப் பல மாதம் ஆகும். வெடிக்கும் முன் பறித்து ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். விதை தூசி போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டி வளர்க்கிறது, ஆய்வகத்தில் அகார் ஊடகம் அந்த வேலையைச் செய்கிறது. வீட்டில் தொட்டியில் தூவினால் ஒன்றும் முளைக்காது. பாட்டிலிலிருந்து வெளிவர ஒன்றிரண்டு ஆண்டு, பூக்க மேலும் மூன்று நான்கு ஆண்டு. டென்ட்ரோபியம் போல ஒரு நல்ல செடியைத் திசு வளர்ப்பில் ஆயிரமாக்கும் வழி இதில் இன்னும் வணிக அளவுக்குக் கைகூடவில்லை. பக்கக் கன்று பிரிப்பதுதான் வழி. விலை ஏறி நிற்பதற்குக் காரணம் இதுதான், உடனே லாபம் வராததற்கும் இதுவே காரணம்.

என் கணக்கில் இது வாழையையோ வெற்றிலையையோ எடுத்துவிட்டு வைக்கும் பயிர் கிடையாது. மழைநீர்த் தொட்டி கட்டிய பிறகு, பத்து டென்ட்ரோபியம் வாங்கி ஒரு கோடையைக் கடத்திப் பாருங்கள். அதில் எட்டாவது பிழைத்தால், உரிமம் பெற்ற நாற்றங்காலில் நான்கு கலப்பினச் செடி வாங்கலாம். வாங்கும் மாதம் தை. மழை ஓய்ந்திருக்கும், தொட்டியும் நிரம்பியிருக்கும், வெயில் ஏற இன்னும் இரண்டு மாதம் இருக்கும்.