உங்களுக்குத் தெரியுமா? காதல் பாட்டைப் போர்ப் பாட்டாக்கிய வேப்பந்தழை

சங்கப் புலவர் நக்கீரரின் ‘நெடுநல்வாடை’ 188 அடி. அதைக் காதல் கணக்கிலிருந்து போர்க் கணக்குக்கு மாற்றியது, ஒரு வேலில் கட்டியிருந்த வேப்பந்தழை!

• அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், தலைவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. நக்கீரரும் சொல்லவில்லை. ஆனால் வேம்பு பாண்டியரின் அடையாளம். அது ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டது, ஆகவே இது புறம், போர்ப் பாட்டு என்று தீர்த்தார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

• கணவனை நினைத்து அரசி உறங்காமல் கிடக்கும் கட்டில், போரில் மடிந்த யானைகளின் தந்தத்தால் ஆனது. அதே நள்ளிரவில், வாடையும் தூறலும் அடிக்க, அரசன் பாசறையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். இரண்டையும் அருகருகே வைத்தது நக்கீரரின் பெரும் துணிச்சல்.

• இன்னொரு சங்கப் பாட்டான ‘பட்டினப்பாலை’யின் 301 அடிகளில் காதல் பேச்சு சில அடிதான். மீதியில் காவிரிப்பூம்பட்டினமும், சோழன் கரிகாலன் பகைவர் ஊர்களை அழித்த கதையும். தலைவன் கடக்க வேண்டிய காட்டின் கொடுமையை அளக்கக் கரிகாலனின் வேல். காதலி தோளின் குளிர்ச்சியை அளக்க அவன் செங்கோல்!

• காதல் பாட்டும் அரசனின் அதிகாரமும் அருகருகே நின்றது தமிழில் மட்டுமல்ல. எட்டாம் ஹென்றி காலத்தில் ஆங்கிலத்துக்குக் காதல் சானெட்டைக் கொண்டுவந்தவர்கள் இருவர். தாமஸ் வயட் 1536இல் லண்டன் டவரில் சிறைப்பட்டார். சர்ரே பிரபு ஹென்றி ஹோவர்டின் தலை 1547இல் வெட்டப்பட்டது.