வைப்புத்தொகை பாலமாகும் வழி

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கடை திறக்கும் சாலைத் தெரு வணிகர், மாலையில் அன்றைய வசூலை வங்கியில் செலுத்துகிறார். அத்தொகையின் ஒரு பங்கு மலையோரச் சிற்றூர் ஒன்றில் அங்கன்வாடிச் சுவராகவோ, ஓடையின்மேல் பாலமாகவோ நிற்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றியிராது. ஆயினும் அது வெறும் கற்பனையன்று.

நம் நாட்டு வணிக வங்கிகள் தாம் வழங்கும் கடனில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைகளுக்கும், அதனுள் 18 விழுக்காட்டை வேளாண்மைக்கும் அளித்தாக வேண்டும். இலக்கை எட்டாத வங்கிகளுக்கு 1995-96ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் மன்மோகன் சிங் ஒரு வழி வகுத்தார். குறைந்த தொகையை நபார்டு வங்கியில் வைப்பாகச் செலுத்த வேண்டும். நபார்டு அதனை மாநில அரசுகளுக்குக் கடனாக வழங்கும். 2000 கோடி ரூபாயில் தொடங்கிய இவ்வேற்பாடே ஊரக உள்கட்டமைப்பு வளர்ச்சி நிதியம். பற்றாக்குறை மிகமிக, வைப்பின் மீது வங்கி பெறும் வட்டியும் குறையும். வங்கிகளுக்கு இது கசப்பு மருந்துதான். வங்கியின் இதழிலேயே அதைச் சொல்வதில் தவறில்லை.

வேளாண்மை சார்ந்த பணிகளுக்குத் திட்டச் செலவில் 95 விழுக்காடும், பள்ளி, மருத்துவமனை, குடிநீர் போன்றவற்றுக்கு 85 விழுக்காடும், சாலை, பாலங்களுக்கு 80 விழுக்காடும் கடனாகக் கிடைக்கும். மலை மாநிலங்களுக்குச் சலுகை உண்டு. தவணைக் காலம் 7 ஆண்டுகள்; அசலுக்கு முதல் 2 ஆண்டுகள் விடுப்பு. முன்பணம் நீங்கலாக, வேலை நடந்த அளவைக் காட்டிய பின்பே பணம் வரும்.

இந்நிதியத்துக்கு வங்கிக் கிளையில் விண்ணப்பம் கிடையாது. ஊரின் கோரிக்கை ஊராட்சியிலிருந்து துறைக்கும், துறையிலிருந்து மாநில நிதித்துறைக்கும், அங்கிருந்து நபார்டுக்கும் செல்ல வேண்டும். கடனாளி மாநில அரசே; ஊர் அன்று. இந்நீண்ட வழியில் பல கோரிக்கைகள் தேங்கிவிடுகின்றன. நிலப் பத்திரம் தெளிவாக இல்லாத கோரிக்கையே முதலில் தேங்கும்.

மானியத்தின் வழி வேறு. 1956 நவம்பர் 1 வரை ஒரே நிலப்பரப்பாயிருந்த பழைய திருவிதாங்கூரின் இரு பகுதிகள் இன்று இருவகையாக நடக்கின்றன. குமரி மாவட்டத்தார் தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தை நாடலாம். 1997-98இல் தொடங்கி, 2011இல் தன்னிறைவுத் திட்டமெனப் பெயர் மாறி, 2021இல் பழைய பெயரையே மீண்டும் பெற்றது இது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் எஞ்சியதை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மிகுதியாக வாழும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்கு போதும். கேரளமோ 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்தது. ஒப்பந்தக்காரரை விலக்கிப் பயனாளிகள் குழுவே வேலையை மேற்கொள்ளும் வழக்கமும் அப்போது பரவியது. பணம் கட்டியவர் கணக்குக் கேட்பார் என்பது முன்னதன் வலிமை. பணமில்லாத ஊருக்கும் இடமுண்டு என்பது பின்னதன் வலிமை. ஏழை ஊர்களை எண்ணும்போது பின்னதே நமக்கு உயர்வாகத் தோன்றுகிறது.

இரண்டுமே பெரும்பாலும் கட்டுவதற்கான பணம். திறப்பு விழாவுக்குப் பின் மின்கட்டணம் செலுத்துவதும், ஒழுகும் கூரையை மாற்றுவதும் யார்? சமுதாயக் கூடங்கள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. நூலகங்கள் மட்டும் இதற்கு ஒரு விடை கண்டன. 1945இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 ஊர் நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தார். அம்மரபில் வந்த 1989ஆம் ஆண்டுக் கேரள நூலகச் சட்டம், கட்டட வரியில் ரூபாய்க்கு 5 காசு நூலக வரி விதிக்கிறது. தமிழ்நாட்டிலும் சொத்து வரியோடு நூலக வரி உண்டு. ஆண்டுதோறும் வரும் இச்சிறு தொகையே நூலகங்களின் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சமுதாயக் கூடத்துக்கு அத்தகைய வரி இல்லை. ஆகவே வாடகை எவ்வளவு, வரவு எந்தக் கணக்கில், சாவி யாரிடம் என்பவற்றை அடிக்கல் நாட்டுமுன்பே எழுதிக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். கேரளத்தில் வார்டுதோறும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூடும். கோரிக்கையோடு நிலப் பத்திரத்தின் நகலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.