வாட்டின் நீராவி யந்திரமும் அதன் ஃபிளைவீலும்

ஜேம்ஸ் வாட் வகுத்தது, 1788
அறிவியல் அருங்காட்சியகம், லண்டன்

பர்மிங்ஹாமை அடுத்த சோஹோ தொழிற்சாலையில் 43 மெருகுப் பொறிகளைச் சுமார் 70 ஆண்டுகள் இயக்கிவந்த யந்திரம் இது.

பிஸ்டனின் உந்துதல் ஒரே சுற்றுக்குள் ஏறியும் இறங்கியும் மாறுமாதலால், சக்கரத்தின் சுழல்வேகமும் கணந்தோறும் கூடவும் குறையவும் முற்படும்; அவ்வேகம் மாறும் வீதமே கோண முடுக்கம் எனப்படும். பாரம் அச்சைவிட்டு இருமடங்கு விலகி நின்றால், வேகமாற்றத்தை அது எதிர்க்கும் திறன் நான்மடங்காகும் என்பது இயற்கை நியதியாகையால், அம்முடுக்கத்தை மட்டுப்படுத்தும்பொருட்டு, இச்சக்கரத்தின் கனத்தில் பெரும்பகுதி விளிம்பிலே அமைக்கப்பட்டிருக்கிறது.

யந்திரத்தோடு இணைந்து சுழலும் இரு குண்டுகளையும் காண்க: வேகம் மிகும்போது அவை அகல விரிந்து, நீராவியின் வரத்தைத் தாமே குறைத்து, சுழற்சியை மீண்டும் சமநிலைக்குக் கொணரும்.