உறையைப் பிரியுங்கள், நீதிமன்றத்துக்குப் போங்கள்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் வீட்டை இழக்கும் கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. வியாபாரம் சறுக்குகிறது, வங்கி கைவிரிக்கிறது. "இரண்டு கிழமையில் காசு கையில்" என்று ஒரு புரோக்கர் வருகிறார். வீட்டின் மேல் பிரிட்ஜிங் எனும் குறுகிய காலக் கடன். மாதம் ஒரு வீதம்தானே என்று கையெழுத்து. மாதம் ஒரு சதவீதம் கூட்டுவட்டியாக ஏறினால் ஆண்டுக்கு 12.68 சதவீதம். தவணை தவறினால் அதைவிடக் கூடிய வட்டி. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பிறகு வரும் கடிதங்கள் பிரிக்கப்படாமலே லாச்சிக்குள் போகின்றன. வெளியேற்றும் நாள் குறித்த அறிவித்தல் வந்த பிறகுதான் சொலிசிட்டரைத் தேடி ஓடுகிறார்கள்.

"இது அநியாய வட்டி" என்று சொன்னாலே நீதிபதி கடனைத் தள்ளிவிடுவார் என்று நம்பாதீர்கள். இந்த நாட்டில் வட்டிக்கான பொது உச்சவரம்பு 1854இலேயே ஒழிந்துவிட்டது. இன்று உங்களைக் காப்பது வட்டி வீதம் அல்ல, நீங்கள் கையெழுத்திடும் கடன் எந்த வகை என்பதுதான்.

கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகள். முதலாவது, கடன் கொடுப்பவரும் புரோக்கரும் நிதி நடத்தை ஆணையமான எஃப்.சி.ஏ.யின் பதிவேட்டில் இருக்கிறார்களா? பதிவேடு இணையத்தில் இலவசம். பெயரோடு தொலைபேசி எண்ணும் பொருந்த வேண்டும். பெயரைத் திருடி நடத்தும் போலிகள் உண்டு.

இரண்டாவது, இது ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் மோட்கேஜா? நீங்களோ குடும்பமோ குடியிருக்கும் வீட்டின் மேல் எடுக்கும் முதல் அடமானம் பொதுவாக உள்ளே வரும். இரண்டாம் அடமானமாக, வியாபாரத்துக்கென்று 25,000 பவுணுக்கு மேல் எடுத்தால் விதிவிலக்கில் விழலாம். இதனால்தான் "பிசினஸுக்கு என்று எழுதுங்கோ, நான் அங்கே இருக்கவில்லை என்று எழுதுங்கோ" என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். பொய்யாக எழுதினால் பாதுகாப்பும் போகும், மோசடிப் பழியும் உங்கள் மேலேயே விழும்.

மூன்றாவது, கடன் யார் பேரில்? "கம்பெனி பேரில் எடுங்கோ" என்பது வெறும் கணக்கு யோசனை அல்ல. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவு, கடன் உறவே நியாயமற்றது என்று நீதிமன்றத்தில் வாதிட வழி தருகிறது. அப்படி வாதிட்டால், உறவு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கும் கடனுக்கு இதுதான் பெரிய பிடி. ஆனால் அது தனிநபர் வாங்கிய கடனுக்கு மட்டுமே. லிமிடெட் கம்பெனிக்கு இல்லை. கம்பெனி பேரில் வாங்கி, வீட்டை ஈடு வைத்தவர் ஆணையத்தின் பாதுகாப்பு, 140ஏ பிரிவு என்ற இரண்டு கதவையும் தானே பூட்டிக்கொள்கிறார்.

அடுத்தது மனைவியின் கையெழுத்து. கணவரின் கடனுக்கு வீட்டை ஈடு வைக்கும் மனைவிக்கு வங்கி நேரடியாக எழுத வேண்டும். சொலிசிட்டர் கணவர் இல்லாத இடத்தில் மனைவியை நேரில் சந்தித்து, வீடே போகலாம் என்பதை விளங்கச் சொல்ல வேண்டும். 2001இல் பிரபுக்கள் சபை எட்ரிட்ஜ் வழக்கில் வகுத்த முறை இது. இருவரும் சேர்ந்து வாங்கும் கடனில் ஒரு பகுதி ஒருவரின் சொந்தக் கடனை அடைக்கப் போனாலும், அது அற்பத் தொகையாக இல்லாவிட்டால் வங்கி இதே கவனம் காட்ட வேண்டும் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது வேறு: கணவரே மொழிபெயர்க்கிறார், மனைவி தலையாட்டுகிறார். அக்கா, தங்கச்சி, கணவர் மொழிபெயர்த்தால் கையெழுத்திடாதீர்கள். தனி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரே இல்லையென்றால், நிலப் பதிவகத்தில் எச்.ஆர்.1 படிவம் கொடுத்து உங்கள் குடியிருப்பு உரிமையைப் பதியுங்கள், கட்டணம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் மோட்கேஜை அது தடுக்காது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

தவணை ஏற்கெனவே தவறிவிட்டதா? வரும் உறை ஒவ்வொன்றையும் அன்றே பிரியுங்கள். வீட்டை எடுக்கப் போகிறோம் என்று எழுத்தில் வந்தாலே, 2023 ஆகஸ்ட் முதல் நடக்கும் வீட்டிழப்புத் தடுப்பு ஆலோசனைச் சேவையில் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கும். விசாரணை நாளன்று நீதிமன்றத்திலேயே உங்களுக்காகப் பேசவும் ஆள் உண்டு. இதைக் கடன்காரரின் கடிதம் சிக்கலான ஆங்கிலத்தில் பின்பக்கம் சொன்னால் உண்டு. அதைப் படிக்க நமக்கும் பொறுமை இல்லை.

வழக்குத் தாளோடு என்11எம் என்ற பதில் படிவம் வரும். 14 நாளுக்குள் நிரப்பி அனுப்புங்கள். அது தவறினாலும் விசாரணைக்குப் போகலாம். போகாமல் மட்டும் இருக்காதீர்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை, மாத வரவுசெலவுப் பட்டியல், "மாதம் இவ்வளவு கூடுதலாகக் கட்டுவேன்" என்ற எழுத்து ஆகியவை கையில் இருக்கட்டும். 1970ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, நியாயமான காலத்துக்குள் கட்டிவிடுவீர்கள் என்று தெரிந்தால் நீதிபதி வெளியேற்றத்தை நிறுத்திவைக்கலாம். சாதாரண மோட்கேஜில் மீதித் தவணைக்காலம் முழுவதையும் அந்த நியாயமான காலமாகக் கொள்ளலாம் என்று 1995இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவணைக்காலம் முடிந்த பிரிட்ஜிங் கடனுக்கு அது போதாது. முழுத் தொகையும் எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும்: வேறு கடன்காரரின் ஒப்புதல் கடிதம், அல்லது வீட்டை நீங்களே விற்பதற்கான முகவரின் கடிதம்.

வெளியேற்ற நாள் குறித்தாயிற்றா? என்244 படிவத்தில் நிறுத்தக் கோரி உடனே மனுப் போடுங்கள்; கட்டணச் சலுகைக்கு இ.எக்ஸ்.160 படிவம். வெளியேற்ற நாளுக்கு முன் உங்களுக்குக் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். வெளியேற்றம் நடந்து முடிந்தால் நீதிபதியின் அந்த அதிகாரம் தீர்ந்துவிடும்.

நிறுவனத்தின் மேல் குறை இருந்தால் முதலில் அவர்களுக்கே எழுதுங்கள். எட்டு வாரத்தில் தீரவில்லையென்றால் நிதி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், இலவசம். அவர்களின் இறுதிப் பதில் கடிதம் வந்தால் ஆறு மாதம்தான் தவணை.

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு மீற்றர் வட்டிக்குக் கொடுக்கும் "தெரிந்த அண்ணர்" வேறு சங்கதி. அனுமதியின்றி வட்டிக்கு விடுவது குற்றம். குற்றவாளி அவர், வாங்கிய நீங்கள் அல்ல. இங்கிலாந்தின் சட்டவிரோத வட்டிக்கடன் தடுப்புக் குழுவின் எண் 0300 555 2222. ஊர் பேசும் என்று மறைத்தால் அடுத்தவரும் அவரிடமே போவார்.

மறுபடியும் சொல்கிறேன்: உறையைப் பிரியுங்கள், விசாரணைக்குப் போங்கள். நீங்கள் வராத அறையில் கடன்காரரின் கணக்கு மட்டுமே நீதிபதியின் காதில் விழும்.