இங்கே இல்லை, அங்கே கேளுங்கள்

திருக்கழுக்குன்றம் தாலுகாவில் ஒரு மனையின் பட்டாவை இணையத்தில் பார்க்கப் போனால், திரை முதலில் மாவட்டத்தைக் கேட்கும். பிறகு தாலுகா, பிறகு கிராமம், கடைசியில்தான் சர்வே நம்பரும் உட்பிரிவும். வெறும் 120 என்று சொன்னால் போதாது. எத்தனையோ கிராமங்களில் ஒரு 120 இருக்கும். ஆக, நிலத்தின் அடையாளத்திலேயே அதைத் தேடிப் போகும் வழியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலம் நகராது, வழி மாறும் என்பதுதான் இதில் சங்கடம். மலையும் சங்கு தீர்த்தமும் இருந்த இடத்திலேயே இருக்க, 1997 ஜூலையில் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானபோது திருக்கழுக்குன்றம் காஞ்சிபுரத்தோடு போனது. 2019 நவம்பர் 29 அன்று புதிய செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தபோது மறுபடி இந்தப் பக்கம் வந்தது. பழைய பத்திரத்தில் ஒரு மாவட்டம், இன்றைய திரையில் இன்னொன்று.

கோடிக்கணக்கான பேரின் கணக்குகளை வைத்திருக்கும் செயலிகளுக்கும் இதே பாடுதான். அவ்வளவு தகவலும் ஒரே கம்ப்யூட்டரில் அடங்காது; பல சர்வர்களில் பிரித்துத்தான் வைத்தாக வேண்டும். உங்கள் கணக்கு எந்த சர்வரில் இருக்கிறது என்று செயலிக்கு எப்படித் தெரியும்? ஒரு கணக்குப் போட்டால் தெரியும் என்பது முதலில் தோன்றும் பதில். கணக்கு எண்ணை சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் மீதியையே சர்வரின் எண்ணாக வைத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம், எதையும் குறித்து வைக்க வேண்டாம். ஆனால் 4 சர்வர் 5 ஆகட்டும், குட்டு வெளிப்பட்டுவிடும். 0 முதல் 19 வரையுள்ள எண்களை 4-ஆலும் 5-ஆலும் வகுத்துப் பாருங்கள்: 0, 1, 2, 3 ஆகிய நான்குக்கு மட்டுமே இரண்டு முறையும் மீதி ஒன்றாக வரும். ஒரு சர்வரைக் கூட்டியதற்காக நூற்றுக்கு எண்பது தகவல் இடம் மாற வேண்டும்! 1997-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘கன்சிஸ்டன்ட் ஹாஷிங்’ முறை இதைக் குறைத்தது. புதிய சர்வருக்குச் சேர வேண்டிய பங்கு மட்டும், இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, நகர்ந்தால் போதும்.

அப்படியும் நகர்வது நகரத்தான் செய்கிறது. அதனால் இடம் தேடும் முறையின் தரத்தை, எது எங்கே என்று காட்டும் வரைபடம் எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதை வைத்து அளக்கக் கூடாது என்பது என் கட்சி. வரைபடம் என்றாவது பழசாகும். தப்பான வாசலில் போய்க் கேட்டவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எதற்கு இந்தச் சுற்றுவழி, நடுவில் ஒரு விசாரணை அலுவலகம் வைத்து எல்லோரும் அங்கே கேட்டுக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். அது படுத்தால் எல்லாமே படுத்துவிடும். படுக்காவிட்டாலும் வாசலில் கூட்டம் தாங்காது. தன் தகவல் கிடங்கைப் பற்றி 2006-இல் கூகுள் வெளியிட்ட ‘பிக்டேபிள்’ கட்டுரையில் அப்படி ஒரு மைய அடுக்கு உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அங்கே போவதில்லை. எதுவும் தெரியாத கிளையன்ட், அதாவது தகவல் கேட்டு வரும் செயலி, இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று முறை நெட்வொர்க்கில் போய்வர வேண்டும் என்பதால், ஒருமுறை தெரிந்துகொண்டதைத் தானே நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நினைவு பழசாகியிருந்தால் அலைச்சல் ஆறு வரை போகலாம் என்று கட்டுரையே சொல்கிறது.

தகவலைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் ‘ரெடிஸ் கிளஸ்டர்’ என்ற மென்பொருள், நினைவு பழசாவதை அழகாகக் கையாள்கிறது. அதில் எல்லாத் தகவலும் 16,384 ஸ்லாட்டுகளில் அடங்கும்; இந்த எண்ணிக்கை மாறாது, எந்த ஸ்லாட் எந்த சர்வரிடம் என்பது மட்டுமே மாறும். தப்பான சர்வரைக் கேட்டால் ‘மூவ்ட்’ என்ற பதிலோடு ஸ்லாட் எண்ணும் புதிய முகவரியும் வரும். கிளையன்ட் தன் வரைபடத்தைத் திருத்திக்கொள்ளும். ஸ்லாட் இன்னும் பாதி வழியில் இருந்தால் பதில் ‘ஆஸ்க்’. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அங்கே போ, வரைபடத்தில் இப்போதைக்குக் கை வைக்காதே என்று பொருள். குடிமாறும் நேரத்துக்கென்றே தனியாக ஒரு பதிலை யோசித்து வைத்தவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

கேட்ட கணக்கு தன் பொறுப்பில் இல்லை என்று தெரியாத சர்வர், ‘அப்படி ஒரு கணக்கே இல்லை’ என்று சொல்லிவிட்டால்தான் ஆபத்து. கேட்டவர் அதை நம்பிவிடுவார். வில்லங்கச் சான்றில் இந்த ஆபத்தைக் கண்ணால் பார்க்கலாம். வில்லங்கம் ஏதும் இல்லையென்று படிவம் 16-இல் வரும் சான்று, அந்த சார்பதிவாளர் அலுவலகத்தின் அட்டவணைகளில், கேட்ட காலத்துக்குப் பதிவு இல்லை என்று மட்டுமே சொல்கிறது. கிராமம் இடையில் வேறொரு அலுவலகத்திலிருந்து மாற்றப்பட்டிருந்தால், முந்தைய வருஷங்களின் அடமானம் அந்தப் பழைய அலுவலகத்தின் புத்தகத்தில் இருக்கலாம். சான்றில் பொய்யே இல்லை. வாங்குகிறவர் ஏமாந்திருப்பார், அவ்வளவுதான்.

2021-இல் மத்திய அரசு தொடங்கிய 14 இலக்க நில எண், அட்சரேகை தீர்க்கரேகையை வைத்து உருவாவது. மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் அது மாறாதே, பிரச்சினை அத்தோடு தீர்ந்ததல்லவா? பாதி தீரும். எந்த நிலம் என்பதை அது சொல்லும், அடையாளம் வழியிலிருந்து பிரிந்துவிடும். அது பெரிய லாபம்தான். ஆனால் அந்த நிலத்தின் காகிதம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதற்கு வரைபடம் தனியே வேண்டும். அந்த எண் பிறப்பதற்கு முன்பு எழுதிய பத்திரங்கள் கிராமத்தின் பெயரிலும் சர்வே நம்பரிலும்தான் அட்டவணையாகியிருக்கின்றன. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்க்கிறவர், அதற்குள் கிராமம் அலுவலகம் மாறியிருந்தால், முன்காலத்துக்குப் பழைய அலுவலகத்தின் பதிவுகளையும் தனியே தேடித்தான் ஆக வேண்டும்.