நாளும் தொகையும் யாருடைய வழக்கில்?
கணினிக் கணக்கும் நமது கிராமச் சங்கங்களும்

நமது கிராமங்களில் இயங்கும் சிக்கன கடனுதவுச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறி வருகின்றன. இது வரவேற்கத்தக்க மாற்றமே. கூட்டல் பிழைகள் குறைகின்றன. மாத முடிவில் நிலுவைப் பட்டியலைச் சில நிமிடங்களில் எடுத்துவிட முடிகிறது. எனினும் ஒரு சிறிய விடயம் கவனிக்கப்படாமலே விடப்படுகிறது. கணினி ஒரு திகதியை எந்த ஒழுங்கில் வாசிக்கிறது? ஒரு தொகையை எங்கே பிரித்து எழுதுகிறது? எந்த நாட்டின் நாணயக் குறியை அதன் முன்னால் இடுகிறது? இவற்றைத் தீர்மானிப்பது கணினியிலும் மென்பொருளிலும் உள்ள பிரதேச அமைப்பு. தொழில்நுட்பம் தெரிந்தவர்களின் வேலை இது என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. சாதாரண உறுப்பினர் ஒருவரின் கடன் நிலுவை இதில் தங்கியிருக்கிறது.

ஒரே எழுத்து, இரு நாட்கள்

03/04/2024 என்று எழுதினால் நமக்கு அது ஏப்ரல் 3ஆம் திகதி. பிரித்தானிய வழக்கைப் பின்பற்றி நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதிப் பழகியவர்கள் நாம். அமெரிக்கரோ மாதத்தையே முதலில் எழுதுகின்றனர். அவர்களுக்கு அது மார்ச் 4ஆம் திகதி. நமது அலுவலகங்களுக்கு வரும் கணினிகள் பல அமெரிக்க ஆங்கில அமைப்புடனேயே வருகின்றன. யாரும் மாற்றாவிட்டால் அவை அப்படியே இருந்துவிடும்.

திகதி என்பது இயற்கை தந்ததன்று. மனிதர் உடன்பட்டு வைத்துக்கொண்ட வழக்கு. திருச்சபையின் வரலாறே இதற்குச் சான்று. 1582இல் திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4ஆம் திகதிக்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவிலா நகர்ப் புனித தெரேசா இறந்தது அந்த இரவில்தான். இதனாலேயே அவருடைய திருவிழா அக்டோபர் 15இல் வருகிறது. இங்கிலாந்து இத்திருத்தத்தை 1752இல்தான் ஏற்றது. அதுவரை ஒரே நாளை இரு நாடுகள் இரு திகதிகளால் அழைத்தன. அன்று நாடுகளுக்கிடையே இருந்த வேறுபாடு இன்று ஒரே அலுவலகத்தின் இரு மேசைகளுக்கிடையே இருக்கிறது.

ஐந்நூறு ரூபாவின் பெறுமதி

கரையோரக் கிராமமொன்றின் மாதர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் ஒருவர் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர், 2024 ஏப்ரல் 3ஆம் திகதி, வலை வாங்குவதற்காக 50,000 ரூபா கடன் பெறுகிறார். மாத வட்டி நூற்றுக்கு ஒன்று. கிராமத்தில் கடன் சீட்டில் 03/04/2024 என எழுதப்படுகிறது. மத்திய அலுவலகத்தின் கணினி அமெரிக்க அமைப்பில் உள்ளது. அது மார்ச் 4 என்று பதிந்துகொள்கிறது. முப்பது நாட்கள் கூடிவிட்டன. வட்டி 500 ரூபா அதிகம். அத்துடன் தவணை தவறியவர் என்ற குறியும் அவர் பெயருக்கு நேரே விழுகிறது. அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும்.

"நான் வருசத்துக்குக் கிட்டத்தானே எடுத்தனான்" என்று அவர் சொல்வார். "கணினியில் அப்படி இல்லையே அம்மா" என்று அலுவலர் சொல்வார். இந்த இடத்தில் யாருடைய சொல் எடுபடும் என்பதை நாம் அறிவோம். ஏழையின் நினைவைவிட இயந்திரத்தின் அச்சுக்கு மதிப்பு அதிகம். பிரச்சினை ஐந்நூறு ரூபாவோடு முடிவதில்லை. சங்கத்தின்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கை அங்கே உடைகிறது.

இப்பிழையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அதே கணினியில் 13/04/2024 என்று எழுதினால், பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் எக்செல் அதைத் திகதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே 1 முதல் 12 வரையான நாட்கள் சத்தமின்றித் தலைகீழாகின்றன. 13 முதலான நாட்கள் கணக்கில் சேராமல் நிற்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நாம் எதையும் மாற்றாதிருந்தால் திகதி கலத்தின் வலப்பக்கம் ஒதுங்கும். எழுத்து இடப்பக்கம் ஒதுங்கும். ஒரே நிரலில் சில இடமும் சில வலமுமாக நின்றால், உடனே விழிப்படைய வேண்டும்.

நெல்லும் அளவையும்

நெல்லைப் புசலில் அளந்தாலும் கிலோவில் நிறுத்தாலும் நெல் ஒன்றே. கணினியிலும் அவ்வாறே, உள்ளே சேமிக்கப்படுவது வேறு, திரையில் காட்டப்படுவது வேறு. எக்செல் 1900 ஜனவரி 1ஆம் திகதியை 1 எனக் கொண்டு நாட்களை எண்ணி வைக்கிறது. 2024 ஏப்ரல் 3 அதற்கு 45385. 2024 மார்ச் 4 அதற்கு 45355. திரையில் தெரியும் வடிவத்தை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளிருக்கும் எண் மாறுவதில்லை.

இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, காட்சி வடிவத்தை மாற்றப் பயப்பட வேண்டியதில்லை, கணக்கு கெடாது. இரண்டாவது, பதியும் நேரத்திலேயே பிழையாகப் போன திகதியைக் காட்சி வடிவத்தை மாற்றித் திருத்த முடியாது. மூலச் சீட்டைப் பார்த்து மீண்டும் பதிவதே வழி. ஆகவேதான் பதிவு தொடங்குவதற்கு முன்னரே அமைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

புள்ளியும் காற்புள்ளியும்

ஜேர்மனியில் 25.000 என்றால் இருபத்தையாயிரம்; 12,50 என்றால் பன்னிரண்டரை. புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறது, காற்புள்ளி தசமத்தைக் காட்டுகிறது. நமக்கு இரண்டும் தலைகீழ். ஜேர்மன் உதவி நிறுவனமொன்றின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து 25.000 யூரோ என்பதை நமது கணினியில் அப்படியே தட்டினால் அது வெறும் 25 ஆகிவிடும். பிரெஞ்சுக்காரர் ஆயிரங்களுக்கிடையே இடைவெளி விடுகின்றனர்.

நம்மிடையேயும் இரு வழக்குகள் உண்டு. பேச்சில் இருபத்தைந்து இலட்சம் என்கிறோம். வங்கித் தாளில் 2,500,000 என்று காண்கிறோம். இந்தியாவில் அது 25,00,000. டாலி முதலிய இந்திய மென்பொருள்களில் இந்த இலட்ச முறைப் பிரிப்பு இயல்பாகவே காணப்படும். விரும்பினால் மில்லியன் முறைக்கு மாற்றலாம். விண்டோஸிலும் இரு முறைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்ய இடமுண்டு. எது சரி என்பதன்று கேள்வி. ஒரு சங்கத்துக்குள் ஒரே முறை இருக்கிறதா, உறுப்பினர் அதை வாசித்து விளங்கிக்கொள்கிறாரா என்பதே கேள்வி.

நாணயக் குறியும் அத்தகையதே. இந்திய அமைப்பை அப்படியே விட்டால், 2010இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறி நமது பற்றுச்சீட்டில் வந்து விழும். அது நம் நாட்டுப் பணத்தின் குறியன்று. நமது நாணயத்தின் அனைத்துலகக் குறியீடு எல்கேஆர்.

நமது பழக்கங்களும் கணினியும்

பேரேட்டில் 1250/= என்று எழுதுவது நம் வழக்கம். எக்செல்லில் அப்படித் தட்டினால் அது தொகையாகாது, எழுத்தாகிவிடும். கூட்டும்போது சத்தமின்றி விடுபட்டுப் போகும். அரச கடிதங்களில் காணும் 2024.04.03 என்ற வடிவமும் பெரும்பாலான அமைப்புகளில் எழுத்தாகவே நின்றுவிடும். 12/4 என்ற வீட்டிலக்கம் திகதியாக மாறும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண் 1.99012 எனச் சுருங்கி, பின்னால் ஓர் ஆங்கில எழுத்தும் +11 உம் ஒட்டிக்கொள்ளும். தொலைபேசி எண்ணின் முதற் பூச்சியம் மறைந்துவிடும். நிவாரணப் பட்டியல்கள் தயாரிக்கும் நமது இளைஞர்கள் இந்நிரல்களை முற்கூட்டியே "டெக்ஸ்ட்" என்று குறித்துவிட வேண்டும்.

எங்கே மாற்றுவது?

மென்பொருளுக்கு மென்பொருள் இடம் வேறுபடுகிறது. எக்செல் பெரும்பாலும் விண்டோஸின் "ரீஜியன்" அமைப்பையே பின்பற்றும். ஆகவே ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். கூகிள் ஷீட்ஸில் அமைப்பு கோப்போடு சேர்ந்தது. ஒருவர் மாற்றினால் அக்கோப்பைத் திறக்கும் எல்லோருக்கும் மாறும். சாப் போன்ற பெரிய மென்பொருள்களில் ஒவ்வொரு பயனாளரின் பதிவிலும் திகதி வடிவமும் தசமக் குறியும் தனியாக உண்டு. ஓடுவில் பயனாளர் தெரிவுசெய்த மொழியின் பதிவில் இவை இருக்கின்றன.

சங்கங்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நன்று:

1. எல்லாக் கணினிகளையும் ஒரே அமைப்புக்குக் கொண்டு வருக. நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கே நம் மக்களுக்குப் பழக்கமானது.

2. கடன் சீட்டிலும் பற்றுச்சீட்டிலும் மாதத்தை எழுத்தில் எழுதுக: 3 ஏப்ரல் 2024. இதை யாரும் தவறாக வாசிக்க முடியாது.

3. வேறு அலுவலகத்துக்கோ நாட்டுக்கோ அனுப்பும் பட்டியல்களில் 2024-04-03 என்ற வடிவத்தைப் பயன்படுத்துக. 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்னும் அனைத்துலக நியமம் இதுவே.

4. அலுவலர் தத்தம் திரையில் தமக்கு வசதியான வடிவத்தை வைத்திருக்கலாம். உறுப்பினரின் கைக்குப் போகும் தாளில் மட்டும் சங்கத்தின் பொது வடிவமே இருக்க வேண்டும்.

5. புதிய கணினியோ மென்பொருளோ வந்தால் முதலில் 13ஆம் திகதியொன்றையும் 3ஆம் திகதியொன்றையும் பதிந்து பார்க்க. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையொன்றை அச்சிட்டுப் பார்க்க. ஐந்து நிமிட வேலை.

6. அச்சிட்ட நிலுவைப் பட்டியலை மாதக் கூட்டத்தில் உரத்து வாசித்து, உறுப்பினரின் கைப்புத்தகத்தோடு ஒப்பிடுக.

இவற்றுள் ஆறாவதே முதன்மையானது. மென்பொருளை வாங்கும்போது அதன் விலையைக் கேட்கிறோம், பயிற்சியைக் கேட்கிறோம். அது யாருடைய வழக்கில் பேசுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. மக்கள் பங்கேற்பு என்பது கூட்டத்துக்கு வந்து கையொப்பமிடுவதோடு முடிவதன்று. தன் பெயரில் உள்ள திகதியையும் தொகையையும் தானே வாசித்து, "இது சரி", "இது பிழை" என்று சொல்லும் ஆற்றலை ஒவ்வோர் உறுப்பினரும் பெற வேண்டும். அப்படி ஒருவர் "பிழை" என்று சொல்லும்போது, அவரைத் திருத்துவதற்கு முன்னர் கணினியின் அமைப்பைத் திறந்து பார்ப்பதே நமது முதற் கடமை.